கூவிளம் என்றால் என்ன?

2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஓரிரவு. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகள், தமிழ்ப் புத்தகத்தோடு என் மேசைக்கு வந்து நின்றாள். நான் பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். குறட்பா ஒன்றைச் சீர் பிரித்து, அலகிட்டு, வாய்பாடு எழுத வேண்டும். பொதுத் தேர்வில் தவறாமல் வரும் வினா. அவள் எழுதியிருந்தது சரியாகவே இருந்தது. "சரி, போ" என்றேன். அவள் போகவில்லை.

"அப்பா, தேமான்னா தேன் மாதிரி இனிக்கிற மாமரம். புளிமான்னா புளிக்கிற மாமரம். கூவிளம்னா என்ன?"

தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்: "அது வாய்பாடும்மா. நேர் நிரை கூவிளம். அவ்வளவுதான். அதெல்லாம் பரீட்சைக்கு வராது."

அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். நான் அடுத்த விடைத்தாளை எடுத்தேன். அதிலும் யாரோ ஒரு மாணவன் நேர் நிரை கூவிளம் என்று எழுதியிருந்தான். இரண்டு மதிப்பெண் போட்டேன்.

தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவன் நான். அரசு கலைக் கல்லூரியொன்றில் பல ஆண்டுகளாக யாப்பிலக்கணம் நடத்தி வருபவன். கூவிளம் என்னும் சொல்லை ஓராண்டில் எத்தனை நூறு முறை உச்சரித்திருப்பேன் என்று கணக்குப் பார்த்தால் எனக்கே வியப்பாக இருக்கும். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது அன்றிரவு எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கேள்வியைக் கேட்டவளை அனுப்பிவைத்ததில் ஒரு நிம்மதி இருந்தது. அது எதற்கான நிம்மதி என்று நான் ஆராயவில்லை.

நான் யாப்புக் கற்ற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் நடத்தியவர் கையில் எப்போதும் ஒரு புளிய விளாறு இருக்கும். வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு வாய்பாடு கேட்பார். நேர் நேர் என்றால் தேமா; நிரை நேர் என்றால் புளிமா; நிரை நிரை என்றால் கருவிளம். தயங்கினால் உள்ளங்கையில் விழும். எனக்கு விழுந்ததில்லை. எனக்கு முன்னால் நின்றவனுக்கு விழுவதைப் பார்த்தே நான் மனப்பாடம் செய்துவிட்டேன். அவன் ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை. அவனை நான் பின்னாளில் ஒரு பழக்கடையில் கண்டபோது, மாம்பழத்தை முகர்ந்தே இன்னது இனிக்கும், இன்னது புளிக்கும் என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். இந்த நினைவு எனக்குப் பல முறை வந்ததுண்டு. அதில் ஏதோ பொருள் இருக்கிறது என்று எண்ணியதில்லை.

கல்லூரியில் யாப்பருங்கலக் காரிகை எனக்கு விருப்பமான தாள். அமிதசாகரர் இயற்றிய அந்நூலை ஒவ்வோராண்டும் ஒரே விதமாகத்தான் தொடங்குவேன். காரிகையைக் கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகையைக் கொட்டிப் பிழைப்பது மேல் என்ற கருத்தில் வழங்கும் பழமொழி ஒன்றுண்டல்லவா? அதை முகத்தைச் சுளித்துச் சொல்லிக்காட்டுவேன். வகுப்பு சிரிக்கும். பாடம் கடினம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, இறுக்கத்தைத் தளர்த்தி, மாணவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஆசிரிய உத்தி அது. கற்றலை இனிமையாக்குவது என்றால் இதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கொரு முறை ஒரு சிரிப்பு. பிறகு பதினைந்து வாரம் வறட்சி.

2019 பிப்ரவரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமுக்காக மாணவர்களை அழைத்துக்கொண்டு வைகைக் கரையிலுள்ள ஒரு சிற்றூருக்குப் போனேன். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தங்கல். பகலில் கண்மாய்க்கரையில் கருவேல முள் வெட்டுதல், மாலையில் விழிப்புணர்வு நாடகம் என்று முகாமுக்கே உரிய சடங்குகள். மூன்றாம் நாள் தலைமையாசிரியை வந்தார். ஓர் ஆசிரியர் விடுப்பு. இன்னொருவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். "சார், ஏழும் எட்டும் சேர்ந்து உட்கார்ந்திருக்குது. நீங்க தமிழ்ப் பேராசிரியர். மத்தியானம் ஒரு ரெண்டு பிரிவேளை பார்த்துக்கிறீங்களா?"

மறுக்க முடியவில்லை. யாப்பின் உறுப்புகள் என்று கரும்பலகையில் எழுதித் தொடங்கினேன். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. குற்றெழுத்துத் தனித்து வந்தாலும் ஒற்றடுத்து வந்தாலும் நேரசை. கால்மணி நேரத்துக்குள் முப்பது ஜோடிக் கண்களிலும் விளக்கு அணைந்துபோயிற்று. கல்லூரியிலும் இதே நேரத்தில்தான் அணையும். ஆனால் கல்லூரி மாணவர்கள் கேட்பதுபோல் அமர்ந்திருக்கும் கலையைப் பயின்றவர்கள். இந்தக் குழந்தைகளுக்கு அது இன்னும் கைவரவில்லை. ஒருவன் வெளிப்படையாகவே தூங்கினான். இரண்டு சிறுமிகள் ஒருத்தியின் பாவாடை நூலை இன்னொருத்தி பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கதவருகே எங்கள் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முந்தைய பருவத்தில் வெண்பாவுக்குத் தளை கேட்டு, அவன் விழித்து நிற்க, "நீயெல்லாம் எதுக்குய்யா தமிழ் எடுத்த?" என்று நான் கேட்டதுண்டு. "வேற எதுலயும் இடம் கெடைக்கல ஐயா" என்று அவன் சொன்னதும், வகுப்பு சிரித்ததும் எனக்கு நினைவிருந்தது. அவன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். "ஐயா, நான் ஒரு அஞ்சு நிமிஷம் பார்க்கட்டுமா?"

எரிச்சலும் ஆறுதலுமாக நகர்ந்துகொண்டேன்.

அவன் கரும்பலகையைப் பார்க்கவே இல்லை. தூங்கிக்கொண்டிருந்த பையனை எழுப்பி, "உன் பேரென்ன?" என்றான். (இனி வரும் குழந்தைகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் கண்டபடி மாற்றினால் சீர் கெடும் என்பதால், அதே அசையமைதி கொண்ட வேறு பெயர்களாகத் தேர்ந்து போட்டிருக்கிறேன்.) முருகன் என்றான் பையன். நம் மாணவன் மேசையைத் தட்டினான்: முரு என்பதற்கு விரைவாக இரண்டு தட்டு, கன் என்பதற்கு ஒரே தட்டு. "இது புளிமா. அடுத்து?" செல்வி. செல், வி, ஒன்று, ஒன்று. "தேமா." சரவணன். சர, வணன், இரண்டு, இரண்டு. "கருவிளம்." பாண்டியன். பாண், டியன், ஒன்று, இரண்டு. "கூவிளம்."

பத்தாவது பெயருக்கு வகுப்பே தட்டத் தொடங்கிவிட்டது. இருபதாவது பெயருக்கு அவன் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்க மட்டும் செய்தான். அப்புறம் பெயர்கள் தீர்ந்துபோய், அன்றைய சத்துணவு வந்தது: சாம்பார் தேமா, முட்டை தேமா. காய்கறிகள் வந்தன: வெண்டைக்காய் தேமாங்காய், முருங்கைக்காய் புளிமாங்காய், கத்தரிக்காய் கூவிளங்காய். காய்கறியே காய்ச்சீராக வந்து விழுந்ததில் குழந்தைகளுக்கு ஏற்பட்ட குதூகலத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒரு சிறுமி எழுந்து, கோயில் பிரசாதம் புளியோதரை என்றாள். புளி, யோ, தரை; இரண்டு, ஒன்று, இரண்டு. நிரை நேர் நிரை, புளிமாங்கனி. புளியோதரைக்குள் புளிமாங்கனி இருப்பதை இத்தனை ஆண்டு யாப்பு நடத்திய நான் அன்றுதான் கண்டேன்.

முத்துலட்சுமி என்ற பெண் மூன்று முறை தட்டிப் பார்த்தாள். முத், துலட், சுமி. நேர் நிரை நிரை. "கூவிளங்கனி" என்றேன் நான், என்னையறியாமல் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டிருந்தேன். தன் பெயர் கனி என்றதும் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. உடனே எனக்குள் இருந்த பேராசிரியர் விழித்துக்கொண்டு, "ஆனால் கனிச்சீர் வெண்பாவில் வராது" என்று சொல்லிவைத்தார். அவள் முகம் சுருங்கியது. "அப்ப என் பேரு பாட்டுல வராதா சார்?"

இந்தக் கேள்விக்கு முன்னால் நான் திகைத்து நின்றேன். வெண்பாவில் கனிச்சீர் வரலாகாது என்னும் விதியை நான் சொல்லும்போது இதுவரை எந்த மாணவரும் வருந்தியதில்லை. இலக்கண விதி ஒன்று ஒரு குழந்தையைப் பாட்டுக்கு வெளியே நிறுத்துவதுபோல் இருந்தது அந்தக் கணம். "வீட்ல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டான் என் மாணவன். "முத்து." அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: "முத்து என்று வந்தால் வெண்பாவுக்குள் எங்கும் வரலாம், தேமாவாக. வெண்பாவின் கடைசிச் சீராக வந்தால் அதற்குத் தனிப் பெயர். காசு." முத்து காசானதும் வகுப்பு கைதட்டியது. அதன்பின் ஆளாளுக்குத் தங்கள் பெயரைச் சுருக்கிக் காசாக முடியுமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். ஈற்றுச் சீர் பற்றிய விதியை நான் கல்லூரியில் மூன்று வகுப்பு எடுத்தும் இவ்வளவு பேர் முயன்று பார்த்ததில்லை.

அப்போதுதான் பாண்டியன் கேட்டான். "சார், நான் கூவிளம்னு சொன்னாங்களே. கூவிளம்னா என்னா சார்?"

இரண்டு மாதத்துக்கு முன் என் வீட்டு மேசையருகே எழுந்த அதே கேள்வி. இம்முறை தலையைக் குனிந்துகொள்ள விடைத்தாள்கள் இல்லை. "எனக்குத் தெரியலைய்யா. நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்றேன். ஆசிரியருக்குத் தெரியவில்லை என்பதில் குழந்தைகள் அதிர்ச்சி அடையவில்லை. ஆர்வமாகத்தான் பார்த்தார்கள்.

அன்றிரவு கைபேசியில் தமிழ்ப் பேரகராதியைத் தேடிப் பார்த்தேன். கூவிளம் என்றால் வில்வம். அவ்வளவு எளிய விடை. சிவன் கோயில்தோறும் நிற்கும் வில்வம். தேவாரத்தில் இறைவன் சடையில் சூடும் மலரிலை வரிசையில் கொன்றையோடும் ஊமத்தையோடும் கூவிளமும் வருவதை நான் படித்திருக்கிறேன், பாடமும் நடத்தியிருக்கிறேன். தேவாரத்துக் கூவிளமும் காரிகைக் கூவிளமும் என் தலைக்குள் இரண்டு வேறு அறைகளில், ஒன்றையொன்று பாராமல் இத்தனை ஆண்டு இருந்திருக்கின்றன.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் சொன்னேன். பாண்டியன் சற்றே ஏமாற்றத்துடன், "இம்புட்டுத்தானா சார்? அந்தா நிக்குது" என்று கையை நீட்டினான். பள்ளிச் சுற்றுச்சுவருக்கு அப்பால், இடிந்த மதிலுடன் ஒரு சிறிய சிவன் கோயில். அதன் பக்கத்தில் வில்வமரம். மூன்று நாளாக அதன் நிழலில்தான் எங்கள் மாணவர்கள் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். அவனே ஓடிப்போய் ஒரு காயைப் பொறுக்கி வந்தான். ஓடு கல்போல இருக்கும், சுவரில் அடித்துத்தான் உடைக்க வேண்டும், உள்ளே விதையைச் சுற்றிப் பசை இருக்கும், வயிற்றுப்போக்குக்கு ஆயா கொடுக்கும் என்று அவன் எனக்குப் பாடம் நடத்தினான். அவனுக்கு மரம் தெரியும், சொல் தெரியாது. எனக்குச் சொல் தெரியும், மரம் தெரியாது. இரண்டும் சந்திப்பதற்கு ஒரு கேள்வி தேவைப்பட்டது.

வாய்பாடு செய்தவர் இதைத்தானே எண்ணியிருப்பார் என்று அந்தக் காயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நேர் நேர் என்பதை அப்படியே நினைவில் வைப்பது கடினம். தேமா என்ற சொல்லோ தானே நேர் நேராக ஒலிக்கிறது. கூவிளம் தானே நேர் நிரையாக ஒலிக்கிறது. விதியையும் எடுத்துக்காட்டையும் ஒரே சொல்லில் கட்டி, அதையும் எல்லாரும் அறிந்த மரஞ்செடிகளின் பெயராக அமைத்து, மூன்றசைக்குக் காயும் கனியும் வைத்து, ஓரசைக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று நாள்தோறும் புழங்கும் சொற்களைக் கொடுத்திருக்கிறார்கள். அமிதசாகரர் இன்னும் ஒருபடி மேலே போய், நூல் முழுவதையும் ஒரு பெண்ணை விளித்து, அவள் கண்ணையும் கூந்தலையும் பாராட்டிக்கொண்டே நடத்துகிறார். மகடூஉ முன்னிலை என்று குறிப்பெடுக்கச் சொல்லிவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். வறண்ட பாடம் என்று நான் மன்னிப்புக் கோரித் தொடங்கிய நூல், கற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசும் நூல். வறட்சி நான் சேர்த்தது.

முகாமின் கடைசி இரவில் அந்த மாணவனோடு கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருந்தேன். "இந்தத் தட்டுற முறையை எங்கய்யா பிடிச்ச?" என்று கேட்டேன். உடனே பதில் வரவில்லை.

"எங்கப்பா பறையடிக்கிறவரு ஐயா. நானும் சின்ன வயசுலருந்து கூடப் போவேன். அடியெல்லாம் வாயால சொல்லித்தான் கத்துக்குடுப்பாரு. நீங்க வகுப்புல நேர் நிரைன்னு சொன்னப்ப அது அடி மாதிரித்தான் எனக்குக் கேட்டுச்சு. ஆனா கேட்கல."

"ஏன் கேட்கல?"

"மொத நாளு நீங்க ஒரு பழமொழி சொன்னீங்கல்ல ஐயா. பேரிகை கொட்டிப் பொழைக்கலாம்னு. எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்துல இருந்தவன் என்னயப் பார்த்துச் சிரிச்சான். அதுக்கப்புறம் நான் வாயைத் தொறக்கல."

அவன் குற்றம் சாட்டும் தொனியில் சொல்லவில்லை. நேற்றைய மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்டேன். "அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல ஐயா" என்று அவன் பதறிப்போனான். அந்தப் பதற்றம் எனக்கு இன்னும் வலித்தது. மாணவரைச் சிரிக்கவைத்து வகுப்பை இனிமையாக்குவதாக நான் எண்ணிய அந்த ஒற்றை நிமிடம், அந்த வகுப்பிலேயே தாளத்தை நன்கறிந்த ஒருவனை வாயடைத்திருக்கிறது. ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பள்ளிக் கல்வியை மகிழ்ச்சியானதாக்க வேண்டும் என்ற பேச்சு நம்மிடையே புதிதன்று. ஆர்.கே.நாராயண் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, 1989இல் குழந்தைகள் சுமக்கும் புத்தக மூட்டையைப் பற்றி அவையில் பேசினார். பிறகு நடுவண் அரசு அமைத்த யஷ்பால் குழு 1993இல் அறிக்கை அளித்தது. அக்குழு சுட்டிக்காட்டிய செய்தி ஒன்று எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுகிறது: முதுகில் உள்ள பையின் எடையைவிடக் கொடிய சுமை, படிப்பது புரியாமல் இருப்பதுதான். கூவிளம் என்று நூறு முறை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குவது அந்தச் சுமையின் ஓர் அவுன்ஸ். நான் அதை ஒரு பட்டமாகவே சுமந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றலைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். ரிஷிவேலிப் பள்ளியின் முயற்சிகளை முன்மாதிரியாகக் கொண்ட முறை அது. கற்றல் ஏணி, வண்ண அட்டைகள், குழந்தையின் உயரத்துக்குச் சுவரடியில் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல். ஆசிரியர் பாயில் இறங்கி அமர்ந்தார் என்பதே ஒரு பெரிய செய்தி. ஆனால் என் உறவினரான ஓர் ஆசிரியை சொன்னதையும் இங்கே பதிய வேண்டும். அட்டைகள் அடுக்கில் இருக்கின்றனவா, பந்தலில் படங்கள் தொங்குகின்றனவா என்று பார்க்க அதிகாரிகள் வரத் தொடங்கிய பிறகு, குழந்தைகளைவிட அட்டைகளுக்கே தாம் அதிகம் அஞ்சியதாக அவர் சொன்னார். பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் கதையும் பொம்மையும் மீண்டும் வகுப்பறைக்குள் வந்தன. நல்லதுதான். மகிழ்ச்சியையும் ஒரு பதிவேட்டில் கட்டம் போட்டு நிரப்பச் சொன்னால் அதுவும் வாய்பாடாகிவிடும் என்பதை மட்டும் மறவாதிருக்க வேண்டும்.

குஜராத்தின் கிஜுபாய் பதேக்கா எழுதிய நூலொன்று 'பகல் கனவு' என்ற பெயரில் தமிழில் கிடைக்கிறது. நான்காம் வகுப்பு ஒன்றை ஓராண்டு தம் வழியில் நடத்திப் பார்க்கும் ஆசிரியரின் கதை. அந்நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அவருடைய வெற்றி அன்று. முதல் நாள் தோல்வி. படித்துவைத்த கோட்பாட்டின்படி குழந்தைகளை அமைதியாக்கும் விளையாட்டு ஒன்றை அவர் தொடங்க, வகுப்பு அமர்க்களப்பட்டுப் போகிறது. மறுநாள் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். அமைதி தானே வருகிறது. இலக்கணத்தையும் பின்னர் விளையாட்டாகவே கற்பிக்கிறார். தோற்ற முதல் நாளை மறைக்காமல் எழுதிய ஆசிரியரை என்னால் நம்ப முடிகிறது.

நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடுவார்: "நாமெல்லாம் அடிவாங்கித்தானே படித்தோம்? கெட்டா போய்விட்டோம்?" முன்பெல்லாம் நானும் தலையசைத்திருக்கிறேன். இப்போது எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பழக்கடைக்காரனின் நினைவு வருகிறது. அடிவாங்கியும் தங்கியவர்கள் மட்டுமே இந்த விவாதத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். அடிவாங்கி வெளியேறியவர்கள் சாட்சி சொல்ல வரவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடலைத் துன்புறுத்துவதோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. நான் பிரம்பைத் தொட்டதில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. கண்மாய்க்கரை இரவுக்குப் பிறகு அது இல்லை.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். இனிய கற்றல் என்றால் எளிய கற்றல், பாதிப் பாடத்தை வெட்டிவிட்டுப் பாட்டுப் பாடுவது என்று சிலர் கருதுகிறார்கள். அன்று மதியம் அந்தக் குழந்தைகள் செய்தது எளிய வேலையன்று. இரண்டு பிரிவேளையில் நூற்றுக்கு மேற்பட்ட சொற்களை அலகிட்டார்கள், தவறினார்கள், மறுபடி தட்டினார்கள். என் கல்லூரி வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் நடக்காத பயிற்சி அது. மனப்பாடமும் நடந்தது, ஆனால் மரத்தைக் கண்ணால் கண்டபின் நடந்தது. உழைப்பு குறையவில்லை. உழைப்பது தாங்கள்தாம், தங்கள் பெயரைக் கொண்டுதான் என்ற உணர்வு கூடியிருந்தது.

அந்த ஆண்டிலிருந்து காரிகை வகுப்பைப் பழமொழியோடு தொடங்குவதை நிறுத்திவிட்டேன். முதல் வகுப்பில் எல்லாரும் தத்தம் பெயரை மேசையில் தட்டுகிறோம். என் பெயர் தேமாங்காய். துறைத்தலைவர் பெயர் கருவிளம் என்று கண்டுபிடித்த நாளில் வகுப்பு அவரைக் காணக் காத்திருந்தது. அற்புதங்கள் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. பருவத் தேர்வில் தோற்பவர்கள் இன்னும் தோற்கிறார்கள், பக்கத்து அறையிலிருந்து "என்ன சத்தம்?" என்று ஆள் வருகிறது, பாடத்திட்டத்தை முடிக்கக் கடைசி மூன்று வாரம் மூச்சு வாங்குகிறது. ஆனால் கேள்விகள் வருகின்றன. தெரியாதவற்றுக்குத் தெரியாது என்கிறேன். ஒரு முறை ஒரு மாணவி எழுந்து, "ஐயா, போன வாரம் தெரியாதுன்னு சொன்னீங்களே, பார்த்தீங்களா?" என்று கேட்டாள். அன்று மிகவும் மகிழ்ச்சியாக வீடு திரும்பினேன்.

அந்த மாணவன் பட்டமும் கல்வியியலும் முடித்து இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறார். விழாக் காலங்களில் அப்பாவோடு பறைக்கும் போகிறார். இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். "பேரு வேணாம் ஐயா. பறை இருக்கட்டும்" என்றார்.

இனி, முதலில் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். முகாம் முடிந்து வீடு திரும்பிய அன்று, பாண்டியன் கொடுத்த வில்வக்காயைப் பையிலிருந்து எடுத்து மகளின் மேசைமேல் வைத்தேன். "அன்னைக்குக் கேட்டியே. கூவிளம்னா இதுதான். வில்வம்."

அவள் காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"தெரியும்ப்பா. அன்னைக்கு ராத்திரியே நான் கூகுள்ல பார்த்துட்டேன்" என்றாள்.

பிறகு மறுபடி படிக்கத் தொடங்கிவிட்டாள். விடை அவளுக்கு எங்கிருந்தாவது கிடைத்துவிடும் என்பதை நான் ஏன் எண்ணிப்பார்க்கவில்லை? விடைக்காக மட்டும் அவள் என் மேசைக்கு வந்திருக்கவில்லை. அதற்கப்புறம் நெடுநாள் தமிழ்ப் பாடத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நானாக வலிந்து சொன்னவற்றைக் கேட்டுக்கொண்டாள். பள்ளி முடித்து, தமிழுக்குத் தொடர்பில்லாத படிப்பில் சேர்ந்து, வெளியூருக்கும் போய்விட்டாள்.

அந்தக் காய் காய்ந்து, ஓடு பழுப்பேறி, என் விடைத்தாள் கட்டுகளின் மேல் பளுவாக இருக்கிறது. சென்ற மாதம் விடுமுறைக்கு வந்தவள் அதை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ அசையும் ஒலி.

"அப்பா, இதுக்குள்ள எத்தனை விதை இருக்கும்?" என்றாள்.

திருத்திக்கொண்டிருந்த தாளை மூடிவைத்துவிட்டு எழுந்தேன். இருவரும் கொல்லைப்புறத்துக்குப் போய், துணி துவைக்கும் கல்லில் அதை உடைத்தோம்.